நீ சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு வந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

வருகிற மாதம் நடக்கும் பரிசளிப்பு விழாவுக்கு உன்னைப் பிரதம விருந்தினராக அழைத்திருக்கும் செய்தியை நீ சொல்வதற்கு முன்னரே பாடசாலை அதிபர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். வந்தவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. விழா மலருக்கு நான் ஒரு கட்டுரை தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டு போனார். "மகளை எப்பிடி வளர்த்தனீங்கள் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ ஐயா. ஓரிடத்தில இருக்கமாட்டாத பிள்ளை, இண்டைக்கு மிருக வைத்தியர். எங்கட தாய் தகப்பன்மாருக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். முகத்துக்கு நேரே மறுத்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அன்று பின்னேரமே தாளில் கோடு கீறி, ஒன்று இரண்டு என்று இலக்கமிட்டு எழுதத் தொடங்கினேன். மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கிழித்தேன். நான்காவது தடவை அது கட்டுரையாக வரவில்லை, உனக்கு எழுதும் கடிதமாக வந்தது. நீ ஓம் என்றால் இதை அப்படியே மலருக்குக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் இது உன்னிடமே இருக்கட்டும்.

கிழித்ததற்குக் காரணம் நீ சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை. விழாவில் எங்கள் குளக்கட்டுக் கதையைச் சொல்லப்போகிறேன் என்றாய். அது ஏன் என்று கேட்டேன். "அப்பான்ர கவனம் ஒரு ஊரைக் காப்பாத்தினது. எனக்கு அந்தக் கவனம் வரேல்லை. வராததோட எப்பிடிச் சமாளிச்சு இதுவரைக்கும் வந்தன் எண்டதுதானே என்ர கதை. சரியா இருக்கும்தானே அப்பா?" என்றாய். நான் "ம்" என்றேன். பிறகு அங்கே மழை எப்படி என்று கேட்டேன். நீ சொன்னதில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டும் நான் உனக்குக் கற்பித்த பிழைகள்.

முதலில் உன் பிள்ளைப் பருவத்தை எழுதவேண்டும். இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கும் அது தெரியவேண்டும். நீ பிறவியிலேயே ஓடுகிற பிள்ளை. ஆறு வயதில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் என் கையை உதறிவிட்டுப் போய், அம்மா அழுது, நான் ஒலிபெருக்கிக்காரரிடம் உன் சட்டையின் நிறத்தைச் சொல்ல வெட்கப்பட்டு நிற்க, கடைசியில் ஒரு மாட்டு வண்டிலின் கீழே குந்தியிருந்தாய். காலைத் தூக்கித் தூக்கி வைத்த எருதைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். பாடசாலையில் கொப்பி தொலைந்தது, குடை தொலைந்தது, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த நாளும் உண்டு. கணக்கில் பாதியைச் சரியாகச் செய்துவிட்டு மீதியை வெறுமையாக விடுவாய். கேட்டால் யன்னலுக்கு வெளியே ஒரு மரங்கொத்தி நின்றது என்பாய். தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் ஒரே வசனம் வரும்: 'கெட்டித்தனம் உண்டு, கவனம் போதாது.'

நானோ எல்லாவற்றையும் நிரல்படுத்திச் செய்கிறவன். நீர்ப்பாசன அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்ததால் அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஊரில் என்னை 'ரீஓ ஐயா' என்பார்கள். காலை ஆறு மணிக்குக் குளத்தின் நீர்மட்டம் பார்ப்பது, கட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பது, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுக் கதவைப் பார்ப்பது, பதிவேட்டில் எழுதுவது. ஒரு நாளும் பிந்தியதில்லை, ஒரு நாளும் வழி மாறி நடந்ததில்லை. இப்படியான ஒருவனுக்கு நீ மகளாகப் பிறந்தாய். உன்னைத் திருத்துவதற்கு நான் கண்டுபிடித்த முறை உனக்கு நினைவிருக்கும். மேசைக்கு முன் ஒரு கதிரை, சுவரில் நேரசூசி, அரை மணித்தியாலம் எழும்பக்கூடாது. நான் எதிரே பத்திரிகையோடு இருந்து, நீ எழும்பும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தாளில் கோடு போட்டேன். முதல் நாள் முடிவில் தாளைக் காட்டி, "இருபத்திமூன்று தரம்" என்றேன். நீ தாளைப் பார்த்தாய், என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாய். "அப்பா, அப்ப நீங்களும் இருபத்திமூன்று தரம் வாசிக்கிறதை விட்டிட்டீங்கள்" என்றாய். குசினிக்குள் அம்மா சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. கோபத்தில் நேரத்தை முக்கால் மணித்தியாலமாக்கினேன். சொன்னது உண்மை என்பதால்தான் கோபம் வந்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

இனிக் குளக்கட்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த இரண்டாம் மாரியில் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வான் வழியே பாய்ந்தது. குளக்கட்டில் பதுங்குகுழி வெட்டி மூடிய இடங்கள் பல இருந்தன. அப்படி ஓர் இடத்தின் கீழ்ப்பக்கத்தில் மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் கொப்பளித்தது. ரீஓ ஐயா வழமையான பார்வையிடலின்போது அதைக் கண்டு ஊரைக் கூப்பிட்டார். முந்நூறு மண்மூட்டை போட்டுப் பின்னேரத்துக்குள் அடைத்தார்கள். கட்டு உடைந்திருந்தால் கீழே தறப்பாள் கொட்டில்களில் இருந்த குடும்பங்களும் விதைத்த வயல்களும் என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் கதையை நீயும் இப்படித்தான் கேட்டாய்.

எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. அது உன்னைப் பற்றியது. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகச் சொல்லி அம்மா அனுப்ப, நீ ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, வெறுங்கையோடு போய் நின்றாய். சாப்பாட்டுப் பெட்டியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டாய். சொந்தக்காரர் வந்தால் அம்மா அதைச் சொல்லுவா, எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். உன் மாமி வீட்டுக் கலியாணத்தில் கூட, "சாப்பாடு பரிமாற இவளை விடாதேங்கோ, எங்கயேன் வச்சிட்டு வந்திடுவாள்" என்று பகிடி விட்டார்கள். இந்த இரண்டு கதைகளும் ஒரே நாளில் நடந்தவை. அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்காதபடி செய்தவன் நான்.

அன்று நடந்தது இது. நான் துருசுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றேன். பசி ஒரு பக்கம், தண்ணீர் ஏறுகிற பயம் ஒரு பக்கம். நீ நனைந்து, முழங்கால் வரை சேற்றோடு வந்தாய். "ஏன் பிந்தினனி? சாப்பாடு எங்க?" என்றேன். நீ கையைப் பார்த்தாய். அப்போதுதான் உனக்கே தெரிந்தது. "கட்டுக்குக் கீழ, அந்த வாய்க்கால் கல்லில வச்சனான் அப்பா. அதில நேற்று மீன்குஞ்சு எல்லாம் தெரிஞ்சது, இண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை. தண்ணி பால்தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தரத் தெரியாதா என்று, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஏசினேன். இந்த வாழ்நாளில் நான் சத்தம் போட்டுப் பேசிய தருணங்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று அது. பேசாமல் வீட்டுக்குப் போ என்றேன். நீ போனாய்.

பிறகு நான் பெட்டியைத் தேடிக் கட்டின் கீழ்ப்பக்கம் இறங்கினேன். வழமையாக நான் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. கட்டின் கீழே ஓடும் அந்தச் சின்ன வாய்க்காலில் எப்போதும் கொஞ்சம் கசிவுத் தண்ணீர் நிற்கும். தெளிவாக நின்றால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். இதை நான் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதிச் சித்தியும் அடைந்திருந்தேன். பெட்டி நீ சொன்ன கல்லில் இருந்தது. அதிலிருந்து நாலு அடி தள்ளி, பால்தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் நீ சொன்னது எனக்கு முழுதாகக் கேட்டது. அன்று நீ நேரத்துக்கு வந்து பெட்டியை என் கையில் தந்திருந்தால் நான் கட்டின் மேலேயே நின்று சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். அந்த இடத்துக்கு எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டார். மகள் சொன்னாள் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்படிச் சொன்னால், அவள் சொன்னபோது ஏன் கேட்கவில்லை, ஏன் ஏசி அனுப்பினீர்கள், தினமும் கீழ்ப்பக்கம் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விகள் அடுத்து வரும் என்று தோன்றியது. "வழமையான பார்வையிடல்" என்றேன். அவர் அறிக்கையில் அப்படியே எழுதினார். இரண்டு சொல். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ முன்வரிசையில் இருந்து கைதட்டினாய். அந்தப் பொன்னாடையை நான் ஒரு தடவையும் எடுத்துப் போர்த்தவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அப்பாவுக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பாய்.

இதை அந்த வாரமே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதால், வீட்டில் கவனமுள்ளவர் ஒருவர், கவனமில்லாதவள் ஒருத்தி என்று ஆகிவிட்டது. உயர்தரப் பரீட்சையில் முதல் முறை நீ தவறியபோது, வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பவே மறந்துவிட்டேன் என்று சொல்லி அழுதாய். "நான் அப்பாவைப் போல இல்லை" என்றும் சொன்னாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அம்மாதான் கதிரையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, அவளை நடக்க விடுங்கோ. மாடு மாதிரிக் கட்டி வச்சு என்னத்தைக் கண்டனீங்கள்?" என்றா. அதன் பிறகு நீ கிணற்றடியைச் சுற்றி நடந்து சத்தம் போட்டுப் படித்தாய். உயிரியல் முழுவதும் எனக்கும் பாடமானது. இரண்டாம் முறை நீ பெற்ற பெறுபேறு என் நேரசூசியால் வந்ததில்லை, கிணற்றடியில் விழுந்த அந்த நடைபாதையால் வந்தது.

பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒரு மனநல வைத்தியரிடம் நீயாகவே போனாய். உன் கவனம் இப்படி ஓடுவதற்கு ஒரு பெயர் உண்டு, இது சோம்பலும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை என்று அவர் சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு, "இனியாவது என்னை ஏசமாட்டீங்கள்தானே" என்று சிரித்தாய். மருந்து கொஞ்சக் காலம் எடுத்தாய். மீதியை நீயே ஒவ்வொன்றாகக் கட்டினாய். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் வீட்டுக் கதவுத் திறப்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் எழுதிய அன்றைய வேலைகள். கைத்தொலைபேசியில் நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கும் மணி. நீ வீட்டுக்கு வந்து நிற்கும்போது அந்த மணி அடித்தால் அம்மா, "எந்த மாட்டுக்கு இப்ப?" என்பா. "இது அடுப்புக்கு அம்மா, பால் வச்சனான்" என்பாய். ஒழுங்கு என்பது எனக்குப் பிறவியில் வந்தது, அதற்காக நான் ஒன்றும் பாடுபடவில்லை. நீ அதை ஒவ்வொரு நாள் காலையும் புதிதாகச் செய்துகொள்கிறாய். இதில் யார் பெரிய ஒழுங்குக்காரர் என்று எனக்கு இப்போது சந்தேகம் உண்டு. இன்றும் நீ தொலைப்பவை உண்டு. களைத்துப்போய் எடுக்கும் அழைப்புகள் உண்டு. அதை மறைத்து எழுதினால் இதை வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பிரயோசனமில்லை.

சென்ற கோடையில், சிறுபோகக் காலத்தில், கண்டாவளையில் ஒரு மாட்டுப் பட்டிக்கு என்னையும் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனாய். இருநூறு மாடு நின்றது. பட்டிக்காரர் உன்னிடம் தடுப்பூசி பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ அவரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாய். அவருக்கு முகம் கறுத்தது. "நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன், டொக்டர் பிள்ளை போட்டா" என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பழைய வெட்கம் வந்தது. நீ பட்டியின் மறுகோடியில் ஒரு சிவலைப் பசுவுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணை, எல்லா மாடும் காதை ஆட்டி இலையானைத் துரத்துது. இது மட்டும் ஆட்டேல்லை" என்றாய். வெப்பமானி வைத்துப் பார்த்தபோது கடும் காய்ச்சல். அதைப் பிரித்துக் கட்டினீர்கள், மற்றவற்றுக்குத் தொற்றவில்லை. திரும்பி வரும்போது அவர் என் கையைப் பிடித்து, "ஐயா, நான் முப்பது வருசம் மாடு வளக்கிறன்" என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். உன் கவனம் சொன்ன இடத்தில் நிற்காது. ஆனால் அது போகிற இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. இதை நான் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கண்டிருக்கவேண்டும்.

தொலைபேசியில் நீ பேசிய மறுநாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துருவுவது நின்றது. "அப்ப பதினைஞ்சு வருசமா நான் அந்தப் பிள்ளையை என்னெண்டு பகிடி பண்ணினனான்? ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சனானே. உங்களுக்கு வாய் இருக்கேல்லையோ?" என்றா. இரண்டு நாள் தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனா. மூன்றாம் நாள் பழைய அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தா. விழாவன்று உனக்கு அதில்தான் சாப்பாடு வரப்போகிறதாம். "காவிறது நீங்கள். மறந்திட்டுப் போய் நிண்டு பாருங்கோ" என்று எனக்கு எச்சரிக்கை.

அந்த வாரக் கடைசியில், மாரி விதைப்புக்கான காலபோகக் கூட்டம் வந்தது. பொதுநோக்கு மண்டபத்தில் விதைப்புத் திகதி எல்லாம் தீர்மானித்து முடிய, 'வேறு விடயங்கள்' என்ற இடத்தில் நான் எழும்பினேன். உனக்குச் சொல்வதற்கு முன் ஊருக்குச் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்வதை விட நூறு பேருக்கு முன்னால் சொல்வது எனக்குச் சுலபமாகப் பட்டது. எழுதிய தாளைத்தான் வாசித்தேன். முடித்துத் தாளை மடித்தேன். பின்வரிசையிலிருந்து, முதலாம் வாய்க்காலில் வயல் செய்யும் துரையர் எழும்பினார். "ரீஓ ஐயா, செருப்பில சேறு படும் எண்டு கட்டுக்குக் கீழ இறங்காத மனிசன் நீங்கள். அண்டைக்கு மட்டும் ஏன் இறங்கினீங்கள் எண்டு நான் அப்பவே யோசிச்சனான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை அந்த வாய்க்கால் கரையில குந்தி இருந்ததை நான் கண்டனான். என்ன பிள்ளை எண்டு கேட்டன். மீன் எல்லாம் எங்க போட்டுது, மாமா எண்டு கேட்டவா. நான் சிரிச்சுப்போட்டுப் போட்டன். வயல் செய்யிறவன், எனக்கு விளங்கியிருக்க வேணும். அந்த வெக்கத்தில நானும் இவ்வளவு காலம் வாய் திறக்கேல்லை" என்றார். யாரோ, "அப்ப அந்தப் பொன்னாடையை என்ன செய்யிறது?" என்று கேட்க, "எலி வெட்டாம இருந்தா உரிய ஆளிட்டைக் குடுங்கோ ஐயா" என்றார் துரையர்.

எலி வெட்டவில்லை. பூச்சி உருண்டை போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன், விழாவுக்குக் கொண்டுவருவேன். அதை நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கமாட்டேன். குளிருக்கு நடுங்கும் கன்றுக்குட்டி ஒன்றுக்குப் போர்த்தினாலும் எனக்குச் சந்தோசம்தான். மேடையில் எந்தக் கதையைச் சொல்வது என்பதும் உன் விருப்பம். ஆனால் 'எனக்குக் கவனம் வரவில்லை' என்று மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாதே. கதிரையில் இருக்கமாட்டாமல் நெளிந்துகொண்டு ஒரு பிள்ளையாவது அந்த மண்டபத்தில் இருக்கும். அது உன்னை நம்பும். நான் கடைசியாகத் திருத்தவேண்டிய பொய் அதுதான்.

விழா ஒன்பது மணிக்கு. அதிபரிடம் நீ பத்து மணிக்குத்தான் வருவாய் என்று சொல்லி, நிகழ்ச்சி நிரலில் உன் பேச்சைப் பதினொரு மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆகவே அவசரப்படாமல் வா. பளையிலோ பரந்தனிலோ வழியில் எங்கேயாவது ஏதாவது கண்ணில் பட்டு நிற்கத் தோன்றினால் நின்று பார். நான் வாசலில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பேன். ஏன் பிந்தினாய் என்று கேட்கமாட்டேன். அன்று கட்டின் மேல் நின்று நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்பேன்: என்ன கண்டனி, பிள்ளை?

உன்னைக் குறித்துப் பெருமைப்படும்,
அப்பா